நெருப்பு மலை காட்டுகிறேன் என்று கூட்டிப்போனது

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெண்டாட்டியிடம் நடுரோட்டில் அடி வாங்கியதை எவன் உட்கார்ந்து எழுதுவான்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு. ஆனால் டீக்கடையில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதற்கு நானே சொல்லிவிடலாம்.

நான் லாரி ஓட்டுகிறேன். அவள் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சோதித்துப் பிரிக்கும் வேலை செய்தாள். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பாள். கணீரென்றால் பெட்டிக்குப் போகும். டொக்கென்றால் விரிசல், சுத்தியலால் அங்கேயே உடைத்துவிடுவாள். ரெண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு செகண்ட்ஸ் என்று பேர். விற்க மாட்டார்கள், வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் டீ குடிப்பது அந்தக் கோப்பையில்தான், அடியில் லேசாகக் கசியும்.

கல்யாணமான புதிதில் அவள் குறட்டை விடுவதை டீக்கடையில் நடித்துக் காட்டினேன். சாயங்காலமே அவள் காதுக்குப் போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திட்டக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போய்க் கூப்பிட்டேன். கதவுக்கு உள்ளேயிருந்தே பேசினாள்.

"உன் கிண்டலுக்கு நான் ஆளு இல்லய்யா. போயிடு."

"ஏ, மணாலி பக்கம் கரெண்டு ஆபீசுக்கு, கம்பத்துல மாட்டுற பீங்கான் லோடு ஏத்துறேன். நீயும் வா. ரோட்டுக்கு ஒரு பக்கம் பனிமல, ஒரு பக்கம் நெருப்பு மல. பொகையும்."

கதவு திறந்தது. "நெசமாவா?"

"சத்தியமா."

"பொய்யா இருந்திச்சின்னா, அங்கேருந்தே ரயிலு ஏறிடுவேன். அப்புறம் நீ யாரோ நான் யாரோ."

நெருப்பு மலையை நான் பார்த்தது ஸ்கூல் புத்தகத்தில் மட்டும். அது இமயமலையில் இல்லை என்று என் சிநேகிதன் சொன்னான். அதே பட்டறையில் சூளைக்குத் தீ போடுகிறவன். போய்ச் சேருவதற்குள் அவள் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. டெல்லி தாண்டியதும் கேட்டாள். மலை ஏறியதும் வளைவுக்கு வளைவு கேட்டாள். அந்த ரோடு ரோடே இல்லை. மேலே வெடி வைத்துப் பாறையைப் பிளக்கிறார்கள், கீழே ஆறு கல்லை உருட்டிக்கொண்டு காட்டுக் கத்தல் கத்துகிறது. ஒரு கல் வந்து பானெட்டில் விழுந்து குழி போட்டது. இன்னொன்று கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அவள் என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் ரத்தம் கட்டிவிட்டது.

ஓரிடத்தில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. மலையிலிருந்து உறைந்து இறங்குகிற பனியாறு ரோட்டோரம் வந்து முடிகிற இடம். வெள்ளையாக இருக்கும் என்று பார்த்தால் கரியும் சேறும் பூசிக் கிடந்தது. அடியில் தண்ணீர் இரைந்தது. நான் அந்தப் பனிமேல் ஏறி ஆடினேன்.

அவள் கீழே குனிந்து ஒரு கல்லால் பனியைத் தட்டினாள். இன்னொரு இடத்தில் தட்டினாள். முகம் மாறிவிட்டது.

"எறங்குய்யா! வெரிசலு!"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, படுத்து குறட்டை விட்டுக் காட்டினேன். அவள் ஏறி வந்தாள். சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. கல்லில் போய் முகம் குப்புற விழுந்தேன். உதடு கிழிந்தது, பல் ஒன்று ஆடியது. அவளும் என் மேலேயே வந்து விழுந்தாள். திட்ட வாயைத் திறந்தேன், அதற்குள் பின்னால் வெடித்தது. சூளை வெடித்தால்கூட அந்தச் சத்தம் வராது. நான் படுத்திருந்த இடம் அப்படியே லாரி அளவுக்குப் பிளந்து ஆற்றில் விழுந்தது. ஆறு அதைப் பாறையில் மோதி மோதித் தூள் தூளாக்கிக்கொண்டு போனது.

அப்புறம்தான் அடி. இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. ஒரு சர்தார் டிரைவர் விசில் அடித்தார்.

"நெருப்பு மல எங்கய்யா?"

வாயெல்லாம் ரத்தம். "இல்ல" என்றேன்.

லோடு இறக்கித் திரும்பினோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். ரயில் ஏறத்தான் என்று எனக்குத் தெரியும்.

வழியில் ஆற்றங்கரையில் பாறைக்குள்ளிருந்து புகை. வெந்நீர் ஊற்று. துணியில் அரிசியைக் கட்டித் தொங்கவிட்டு அதிலேயே சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழம் தள்ளி, ஐஸாக ஓடுகிற ஆறு. வண்டியை நிறுத்தினேன்.

"இதான் நெருப்பு மல. நெருப்பு வயித்துல இருக்குது, வாயில இல்ல."

என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குள் அமுக்கினாள். நான் போட்ட கூச்சலில் சோறு ஆக்குகிறவர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் சிரித்தாள், திட்டக்குடி போனதிலிருந்து முதல்தடவையாக. வெந்த விரலை இழுத்து ஆற்றில் வைத்தாள். பிறகு முட்டியை மடக்கி என் மண்டையில் தட்டி, காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"செகண்ட்ஸு. வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்" என்று சொல்லிப் பெட்டியை சீட்டுக்குப் பின்னால் தள்ளினாள்.

கீழே இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சிநேகிதனுக்கு போன் போட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பாத்துடா மாப்ள, அது அடியில ஒழுவும்."