பஞ்சவர்ணத்தின் வலது கை

முதலில் வளையல்கள் கழலும். வலது கையிலிருந்து ஆறு கண்ணாடி வளையல், இடது கையிலிருந்து ஆறு, அப்புறம் மோதிரம். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து, புடவைக்கு மேல் போட்டிருக்கும் நீலச் சட்டையின் பையில் திணித்துக்கொண்டு, வண்டிக்காரரிடம் உள்ளங்கையை நீட்டி, "சாவி குடு சார்" என்பாள் பஞ்சவர்ணம். பானெட்டை இன்னும் திறந்திருக்கக்கூட மாட்டார்கள். "சாவி எதுக்கும்மா, பல்புதானே மாத்தப் போறீங்க?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவள் சிரிக்க மாட்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கும். சாவி வந்ததும் தன் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு, கொக்கியை அழுத்தி மூடி, டப்பாவை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். அதன் பிறகுதான் வேலை.

வாரத்தில் ஐந்து நாள் அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கார்களுக்கான வயர் கட்டுகளில் ஊசி போன்ற பித்தளை முனைகளைச் செருகுவது. சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய் ஹெட்லைட் பல்பு மாற்றுகிறாள். சாதாரண கார்களுக்கு அவள் தேவையில்லை, எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவான். இரண்டே கதவு வைத்து, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பந்தயக் கார் மாதிரியான வண்டிகளில்தான் சங்கடம். பல்புக்குப் பின்னால் ஒரு ஆம்பிளையின் கை நுழைய இடம் விடமாட்டார்கள். கம்பெனி சர்வீசில் விட்டால் முன் பம்பரையே கழற்ற வேண்டும் என்று வண்டியை ஒரு வாரம் நிறுத்திக்கொள்வார்கள்.

கரையான்சாவடியில் ஒரு நாள் தன் ஸ்கூட்டிக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, பக்கத்து ஷெட்டில் மெக்கானிக் தேவராஜ் அப்படி ஒரு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். புறங்கையெல்லாம் சிராய்ப்பு. "நவுரு அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுக் கையை விட்டவள், தேவராஜ் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் புது பல்பை மாட்டிவிட்டு வெளியே எடுத்துவிட்டாள். பல்பு எரிந்தது. அன்று முதல் அந்த மாதிரி வண்டி வந்தால் தேவராஜ் அவள் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பல்பு பின்னாடி எத்தினி விரல் கேப்பு கீது சார்?" நாலு என்று சொன்னால் வருவாள். "பெரியவங்க வளையல்லயே சின்ன சைஸு, ரெண்டு ரெண்டு, அதுவே என் கைக்கு லூஸு சார். போவும்."

வேலை செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். பார்ப்பவர்களுக்கு அவள் ஏதோ வேண்டிக்கொள்வது போலத் தெரியும். "கண்ணு தொறந்துகினு இருந்தா கை ஏமாந்துடும் சார். உள்ள இன்னா கீதுன்னு கைக்குத்தான் தெரியும்." யாராவது உதவுகிறேன் பேர்வழி என்று செல்போன் டார்ச்சைப் பிடித்தால் எரிந்து விழுவாள். ஆனால் உள்ளே பல்பைப் பிடித்து நிறுத்தும் கம்பிக் கொக்கியிடம் மட்டும் அப்படி ஒரு கொஞ்சல். "வாடா செல்லம், வா வா, இப்படித் திரும்பு... ஐய, எங்க ஓடறே?" கொக்கி மாட்டியதும் கொஞ்சல் தீர்ந்துவிடும். "இத்த டிசைன் பண்ணவனுக்குக் கைன்னு ஒண்ணு கெடயாதா?" என்று கண் காணாத வெளிநாட்டுக்காரன் ஒருவனைத் திட்டிக்கொண்டே கையைத் துடைப்பாள்.

சாவி விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. அவள் கணவன் கஜபதிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இரும்புத் தகடுகளை அச்சில் அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் அவன் அச்சுக்குள் சிக்கிய தகட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் நின்றவன் டீ வந்துவிட்டதா என்று திரும்பிய வேகத்தில் பெடலை மிதித்துவிட்டான். கெட்டவன் இல்லை, இன்றைக்கும் பொங்கலுக்குக் கரும்போடு வந்து நிற்கிறவன்தான். கஜபதி அதற்குப் பிறகு எந்த மிஷின் பக்கமும் போகவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறான். ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை. பாரிவாக்கத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது பஞ்சவர்ணத்தின் பத்து விரல்களால், அதிலும் முக்கியமாக வலது கை ஐந்தால். இது அவளுக்கு ஒவ்வொரு பானெட்டைத் திறக்கும்போதும் ஞாபகம் இருக்கிறது.

போன சனிக்கிழமை மாங்காட்டில், புதிதாக மனை போட்ட பகுதியில் ஒரு வீடு. கோகுல்நாத் என்ற முப்பது சொச்சம் வயதுப் பையன், சாஃப்ட்வேர்காரன். வண்டி சிவப்பு, அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. இடது பக்க விளக்கு போய் நாலு நாளாகிறது. காலை எட்டரை மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது.

"வண்டிய ஓட்டாதேன்னு போன்ல சொன்னேன்ல சார்?"

"சும்மா பூந்தமல்லி வரைக்கும்தான் போய்ட்டு வந்தேன்க்கா. பால் வாங்க."

"பால் வாங்க இந்த வண்டியா?" என்றாள். அவன் அசடு வழிந்தான். சாவி டப்பாவுக்குள் போனது.

"இன்னொரு சாவி கீதா?"

"இருக்குக்கா. பீரோல வச்சுப் பூட்டியிருக்கு."

இந்த வகை வண்டிகளில் சாவியைத் திருகுவதெல்லாம் கிடையாது. சாவி வண்டிக்குள் எங்கேயாவது இருந்தால் போதும், பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழுந்துவிடும். அதனால்தான் இரண்டாவது சாவியையும் கேட்பாள். பேட்டரி வயரைக் கழற்றிவிடலாமா என்றும் கேட்டுப் பார்த்தாள். கழற்றினால் வண்டியின் செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், அப்புறம் கம்பெனிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கோகுல்நாத் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான். எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். விட்டுவிட்டாள்.

புது பல்பைக் கொண்டுவரச் சொன்னாள். அவனுடைய அம்மா ஹேமாவதி ஒரு தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வந்தார். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, மகன் வீடு கட்டியதும் இங்கே வந்தவர். ராத்திரியே சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்ததாகச் சொன்னார். பல்பின் கண்ணாடியில் பாந்தமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

பஞ்சவர்ணத்துக்கு வாயில் வந்ததை முழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. "பெரிம்மா, இந்தக் கண்ணாடிய விரல்லகூட தொடக் கூடாது. பிசுக்கு இருந்தா சூட்டுல அந்த எடத்துலயே பட்டுனு வெடிச்சுடும்."

"நல்லதுக்குத்தானேம்மா வச்சேன்."

"நல்லதுக்குத்தான் பெரிம்மா." ஸ்பிரிட் நனைத்த துணியால் பொட்டைத் துடைத்து எடுக்கவே பத்து நிமிடம் ஆனது. ஹேமாவதியின் முகம் வாடிப்போயிற்று. ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். பார்க்கலாம் என்றாள் பஞ்சவர்ணம்.

அந்த வண்டியில் பல்பை எட்ட ஒரே வழி, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் ஃபேனின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, ஃபேனுக்கும் ஒரு இரும்புப் பட்டைக்கும் நடுவே கையை விடுவதுதான். நேராக விட முடியாது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும், மணிக்கட்டைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், முழங்கை வரை போனதும் மறுபடி நிமிர்த்த வேண்டும். வெளியே எடுப்பதும் அதே கிரமத்தில்தான், தலைகீழாக. அவசரப்பட்டு இழுத்தால் மணிக்கட்டு பட்டையில் மாட்டிக்கொள்ளும். பழைய பல்பு வந்துவிட்டது. புதியது உட்கார்ந்துவிட்டது. கொக்கி மட்டும் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, கன்னத்தை வண்டியின் தகட்டில் வைத்து அழுத்திக்கொண்டு, "வாடா ராஜா, வந்துடு" என்று முணுமுணுத்தாள். தூக்கி நிறுத்திய பானெட் அவளுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுவில் சுவராக நின்றது.

அந்தப் பக்கம் நடந்ததை அவள் பார்க்கவில்லை. மணி எட்டு ஐம்பத்தேழு. ஹேமாவதி மறுபடியும் தாம்பாளத்தோடு வந்து, கதவைத் திறந்து ஸ்டியரிங்கில் சந்தனம் வைத்தார். பூ, எலுமிச்சம்பழம், குங்குமச் சிமிழோடு தாம்பாளத்தைப் பக்கத்து சீட்டில் வைத்தார்.

"ராகு காலம் வந்துரும்பா. சும்மா ஒரு தடவை உக்காந்து அந்தப் பொத்தானைத் தொட்டு அழுத்திரு. நல்ல நேரத்துல ஆரம்பிச்ச மாதிரி இருக்கட்டும்."

சாவிதான் டப்பாவுக்குள் இருக்கிறதே, அம்மாவின் மனசுக்கு ஒரு தடவை அழுத்தினால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று கோகுல்நாத் உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் கால் பிரேக்குக்குப் போனது. பீரோவில் இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்த சாவியை, விடிகாலையிலேயே எடுத்துச் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தாம்பாளத்தில் பூவுக்கு அடியில் வைத்திருந்தார் அம்மா. அழுத்தினான்.

எஞ்சின் உறுமியது. தகட்டில் வைத்திருந்த கன்னம் அதிர்ந்தது.

ஃபேன் இன்னும் சுற்றவில்லை. சூடான எஞ்சின், நாலைந்து நொடியில் சுற்றத் தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். "ஆஃப் பண்ணு!" என்று கத்தினாள். அந்த உறுமலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கை மொத்தமும் இழு, இழு என்றது. இழுத்தால் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலை மடக்கினாள். மணிக்கட்டைத் திருப்பினாள். முழங்கை வந்தது. ஃபேன் கிளம்பியது, முதல் காற்று விரல்களில் பட்டது. மணிக்கட்டு வந்தது. இன்னும் விரல்கள்தான் பாக்கி. சுண்டுவிரலில் சுரீர் என்றது.

கை வெளியே வந்துவிட்டது. அவள் தடுமாறிப் பின்னால் போய் மதில்சுவரில் சாய்ந்தாள். டப்பா உருண்டது. கோகுல்நாத் பதறி எஞ்சினை அணைத்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஐந்தும் இருந்தன. சுண்டுவிரல் நுனியில் தோல் போய் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

கோகுல்நாத் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா... சாவி உங்ககிட்டதானேன்னு... சத்தியமா தெரியாதுக்கா..."

தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்துப் பார்த்த ஹேமாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தாம்மா வச்சேன். நாந்தான் வச்சேன்."

பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, வளையல்களைச் சட்டைப் பையிலேயே கொட்டிவிட்டு, அந்தத் துணியைச் சுண்டுவிரலில் சுற்றிக் கட்டினாள்.

"விடுங்கக்கா. நான் கம்பெனிலயே குடுத்துக்கறேன். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் வண்டியைப் பார்த்தாள். கொக்கி இன்னும் மாட்டவில்லை. இப்போது வீட்டுக்குப் போனால் அடுத்த சனிக்கிழமையும் போன் வரும், அதற்கு ஏதாவது ஒரு சாக்குச் சொல்வோம், அதற்கடுத்த சனிக்கிழமையும் சொல்வோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மிக்ஸி சத்தத்துக்கு எழுந்து போகிற ஒரு ஆள் தன் வீட்டுக்குப் போதும்.

இரண்டாவது சாவியை ஹேமாவதியிடமிருந்து வாங்கி டப்பாவுக்குள் போட்டாள். மணி ஒன்பது தாண்டியிருந்தது. ராகு காலம் ஆரம்பித்துவிட்டது.

"இன்னா வெரல்ல அமுக்கினே?"

கோகுல்நாத்துக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"அந்தப் பொத்தான. இன்னா வெரல்ல அமுக்கினே தம்பி?"

அவன் திருதிருவென்று விழித்து, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினான். பஞ்சவர்ணம் அந்த விரலைத் தன் இடது கைக்குள் வாங்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனையும் இழுத்துக்கொண்டு பானெட்டுக்குக் கீழே குனிந்து, கண்ணை மூடி, வலது கையின் கட்டைவிரலை மடக்கி உள்ளே விட்டாள். கொக்கி மாட்டும் வரைக்கும் அவன் விரலை விடவில்லை.