பின்னறைக்கு மேலே ஒரு ஓடு

எல்லாரும் சுகந்தானே? ராத்திரி அடித்த சுமத்ரா காற்றில் உங்கள் கூரை தப்பித்ததா? பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காய் மரமெல்லாம் சாய்ந்ததாம், அது தனிக் கதை.

காலையில் மாட்டுவண்டிக்காரர் காளியப்பன், ஓடு வேய்கிற என்னைக் கூப்பிட்டார். "ஓடு எங்கயாச்சும் ஒடஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

கதவு ஜன்னலைச் சாத்தி, இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரியும். எங்கும் தெரியவில்லை.

பின்னறை மட்டும் பூட்டிக் கிடந்தது. போன மாதம் அவர் மனைவி பாக்கியம் இறந்த அறை. அந்தப் பிள்ளையின் மீன்குழம்புக்காகவே நான் அந்தத் தெருவில் வேலை தேடுவேன். என்னை 'ஓட்டுக்காரண்ணே' என்று கூப்பிட்டதும் அவள் ஒருத்திதான்.

சாவி கேட்கச் சங்கடப்பட்டு, ஏணி வைத்து மேலே ஏறினேன். பின்னறைக்கு நேர் மேலே ஒரு ஓடு கழன்று பக்கத்தில் கிடந்தது. காற்றின் வேலை என்று நினைத்து, திரும்பச் செருகி, சுண்ணாம்பும் பூசிவிட்டு இறங்கினேன்.

சொன்னதும் காளியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காத்து இல்லண்ணே, நாந்தான் எடுத்து வச்சேன். ஆகாத நட்சத்திரத்துல செத்தவ. உசுரு வெளிய போக வழி விடணும் லா? இன்னும் போனாளோ இல்லியோ."

ஓடிப்போய் ஏறி, செருகிய ஓட்டைத் திரும்பப் பெயர்த்து எடுத்தேன். பூட்டிய அறையிலிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். காற்றே இல்லை, என் கூரை மட்டும் கடகடக்கிறது. நீங்களே சொல்லுங்கள், நான் திறந்ததும் அவள் போய்விட்டாளா, இல்லை என் பின்னாலேயே

இருங்கள், வாசலில் யாரோ 'ஓட்டுக்காரண்ணே' என்று