உள்பக்கம் போன தேதி

புது டயரைச் சக்கரத்தில் ஏற்றுவதற்கு முன் அவர் ஒரு வேலை செய்வார். டயரைத் தரையில் படுக்கப் போட்டு, குந்தி உட்கார்ந்து, காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுப்பார். டயரின் ஓரத்தில் சின்னதாய் முட்டை வடிவக் கட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் நான்கு எண்கள். சாக்பீஸைச் சாய்த்துப் பிடித்து இரண்டு இழுப்பு இழுப்பார். கறுப்புக்குள் கறுப்பாய் ஒளிந்திருந்த எண்கள் வெள்ளையாய் எழுந்து வரும். ஓரத்துப் பொடியைக் கட்டைவிரலால் தட்டிவிட்டு, வண்டிக்காரர் காதில் விழும்படி படிப்பார்.

“முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். பதினாலாவது வாரம். ஏப்ரல் தொடக்கத்துல பொறந்திருக்கு. தைரியமா ஓட்டுங்க.”

“பேர் வெச்சாச்சுல்ல அண்ணே, இப்ப மாட்டலாமா?” என்பார்கள் அவசரக்காரர்கள். டயர் கடையில் அவருக்கு வாரக்காரர் என்றே பட்டப்பெயர்.

இந்த வழக்கம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பின்பக்க டயர் வெடித்தது. முக்கால் மணி நேரம் சாலையோரத்தில் நின்றார்கள். குழந்தை தங்கவில்லை. “தாமதத்தால இல்லப்பா” என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் வாரக்காரர் அந்த டயரைப் பார்த்துவிட்டிருந்தார். மேல்பரப்புப் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி பளபளத்த டயர். எண்ணைப் படித்தால் ஒன்பது வயது. அதுவரை எத்தனையோ டயர் மாட்டிய கை. ஒரு டயரிலும் நின்று அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனைவியிடமும்கூட.

இப்போது மறுபடி வயிற்றில். படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ரவிக்கைத் துணிகளோடு மாதங்களைத் தள்ளினாள். அக்கம்பக்கத்தார் மாதக் கணக்கு கேட்பார்கள். அவர் மட்டும், “முப்பத்தி நாலாவது வாரம்” என்பார்.

“நான் என்ன டயரா?” என்பாள் அவள்.

“டயரா இருந்தா நானே பாத்துக்குவேன். அதான் கவலை.”

ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். “வாடகை வண்டி வேணாம், அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி அவளுடைய தம்பி ஒரு பழைய கார் வாங்கினான். டயரைத் தன் கையால்தான் மாட்டுவேன் என்று இவர் சொல்லி வைத்திருந்தார். அவனோ கிடங்கில் நாலு புது டயர் வாங்கி, தன் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே மாட்டிவிட்டு வந்து நின்றான். அவன் வந்ததே சேர்க்க வேண்டிய நாளன்று காலையில்தான்.

அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் தம்பியும் பின்னால் புருஷனுமாகத் தூக்கி இறக்கினார்கள். “மெதுவாடா, ராணி வர்றேன்” என்று அவள் வழியெல்லாம் அதிகாரம் செய்தாள். வாசலில் நிழலாய்ப் பார்த்து நாற்காலியை வைத்ததும் அவர் நேரே முன்சக்கரத்திடம் போனார். குனிந்து தடவினார். அடுத்த சக்கரம். அதற்கடுத்தது.

“மாப்ளே, தேதி எங்க?”

“புது டயர் அத்தான். ரப்பர் முடிகூட உதிரல.”

“நாலுலயும் வெளிப்பக்கம் தேதியக் காணோம். உள்பக்கம் போற மாதிரி திருப்பி மாட்டியிருக்கான். ஏன்?”

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“பாக்காம இவள ஏத்த மாட்டேன்” என்றார்.

“என்ன அத்தான், என்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?”

அவர் சலவைச் சட்டையோடு தரையில் மல்லாந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நகர்ந்தார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. எண்ணைத் தேடித் துடைக்கக் கையில் துணியும் சாக்பீஸும் வைத்திருந்தார்.

இரண்டும் தேவைப்படவில்லை. வெளிச்சம் பட்டதும் நான்கு எண்கள் வெள்ளையாய்ப் பளிச்சிட்டன. இவருக்கு முன்பே யாரோ இழுத்திருக்கிறார்கள். இவருடையதைவிட மெல்லிய, நேர்த்தியான கோடு. ஒன்பதாவது வாரம், இந்த வருஷம். அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். அங்கேயும் வெள்ளை. நாலிலும் அப்படியே, நாலும் ஒரே வாரம்.

வருடக்கணக்காய்த் தன்னைக் கிண்டல் செய்த பயல், தனக்காக இதைச் செய்திருக்கிறான்.

முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து வந்தவர், மச்சினன் தோளில் கை வைத்தார். “மன்னிச்சுக்க மாப்ளே. நீயே பாத்து வெச்சிருக்க.”

“அது வந்து அத்தான், சாக்பீஸ் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு கடைக்காரன்தான் திருப்பி…”

“கிளம்பலாமாடா? எனக்கு முதுகு வலிக்குது” என்றாள் அக்கா. அவன் சட்டென்று திரும்பி வண்டிக் கதவைத் திறந்தான்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. அன்றிலிருந்து மச்சினனுக்கு வீட்டில் தனி மரியாதை. ‘வெறும் வாய்’ என்று அவனைச் சொல்வதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, தவழ்ந்துபோன குழந்தை தையல் பெட்டியைக் கவிழ்த்தது. சிதறியதைப் பொறுக்கும்போது, துணியில் கோடு போடும் தட்டை சாக் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு அவருக்குப் புதிதல்ல. அவர் நகக்கண்ணில் நிரந்தரமாய்க் குடியிருப்பதுதான். மோந்து பார்த்தார். ரப்பர்.

மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் காலை நிறுத்தினாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

முப்பத்தைந்தாவது வாரம். அவர் கடைக்குப் போயிருந்த பகலில், கிடங்கிலிருந்து நேரே டயர்களோடு வந்து கீழே நின்றான் தம்பி. தேதி பார்த்தாயா என்று கேட்டதற்கு முழித்தான். மேலே தூக்கிவரட்டுமா என்றான். நாலு டயர் படியேறினால் அடுக்குமாடியே வேடிக்கை பார்க்கும், சாயங்காலமே அவர் காதுக்குப் போய்விடும் என்று அவளே இறங்கினாள். ஐம்பத்து நாலு படி. அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தம்பி கூடவே வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் போட்டு உட்கார வைத்தான். இறங்கி ஏற ஒன்றரை மணி நேரம்.

“எனக்காக இவ்வளவு பெரிய வேலையா பண்ணுன?” என்றார்.

“உங்களுக்காக யாரு பண்ணுனா?” என்றாள் அவள். “அன்னிக்கு நீங்க ரோட்டுல கழட்டிப் போட்ட அந்த டயரப் பாத்துட்டு நின்னீங்கல்ல, நான் பின் சீட்டு ஜன்னல் வழியா குனிஞ்சு அதே நம்பரத்தான் படிச்சிட்டிருந்தேன்.”