ராணி, திருடி, வக்கீல்

மகள் போனில் பார்த்த ஆங்கிலப் படத்தில் நரைத்த நடிகை ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்தபோது அப்பாவுக்குத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலை. பீடிப் புகைக்கு நடுவே முன் பெஞ்சில் நானும் அம்மாவும் ஓசியில் இங்கிலீஷ் படம் பார்ப்போம். இவள் ராணியாக வந்தாள், திருடியாக வந்தாள், வக்கீலாகவும் வந்தாள். அம்மாவோ வேறு வேறு பெண்கள் என்றே நினைத்திருந்தாள்.

"எல்லாம் ஒருத்திதாண்டி, லூசு," என்றார் அப்பா.

வீட்டு வேலை செய்துவந்த அம்மாவுக்குக் கார்மெண்ட்ஸில் சேர ஆசை. தையல் மிஷினைத் தொட்டதில்லை என்று பயந்துகொண்டிருந்தாள்.

"அவளுக்கு அத்தனையும் வருது. எனக்கு ஒரு மிஷின் வராதாய்யா?"

மறுநாளே கார்மெண்ட்ஸ் கேட்டில் போய் நின்றாள். மிஷின் ஓட்டத் தெரியுமா என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் கேட்டார்.

"கொத்து சார்," தெரியும் என்று கன்னடத்திலேயே சொன்னாள் அம்மா.

பொய்தான். சாயந்திரத்துக்குள் அதை நிஜமாக்கிவிட்டாள்.