தண்ணீர் வராத நாளில் சித்தப்பாவின் மருந்து

எட்டாவதைத் தாண்டாதவன் நான். இன்றைக்குப் போர்ட் பிளேரில் தண்ணீர் லாரி வேண்டுமென்றால் பெரிய ஆபீசர் வீட்டிலிருந்தும் எனக்குத்தான் போன் வரும். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன். ஆனால் சுனாமிக்கு அடுத்த வருஷம், இதே ஊரின் லம்பா லைன் குடியிருப்பில் ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அம்மா பகலெல்லாம் வீட்டுவேலைக்குப் போய்விடுவாள். மிச்சம் நானும் சித்தப்பாவும். அவர் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். சித்தியையும் மகனையும் அலைக்குக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். பேசவே மாட்டார். ஒரே அறையில் இருந்தும் நான் தனியாகத்தான் விளையாடினேன்.

அவருக்கு ஈரல் கெட்டிருந்தது. டாக்டர் லாக்டுலோஸ் என்று பாகு மாதிரி ஒரு மருந்து கொடுத்திருந்தார். தினமும் இரண்டு மூன்று முறை வெளிக்கு இளக்கமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் மூளைக்கு ஏறிவிடும் என்றார். எங்கள் குழாயிலோ மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

“மருந்து குடிக்கிறது நீங்க, தண்ணி தூக்குறது நானு,” என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டுதான்.

“ஒங்க இடுப்பு ஒடிஞ்சா அண்ணன் என்னையத்தான் கேப்பாரு அண்ணி,” என்றார் அவரும்.

அதற்குப் பிறகு தண்ணீர் வராத நாட்களில் அவர் மருந்தைத் தொடவில்லை. எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் தூங்கி எழுந்தவர், தன் மகனின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“பள்ளிக்கூடம் விட்டாச்சா? அம்மா எங்கடா, இன்னும் ரப்பர் பால் வெட்டிக்கிட்டு இருக்காளா?”

ஆமாம் என்றேன். மடியில் உட்காரவைத்துக்கொண்டார். தோட்டத்துக் கதையெல்லாம் சொன்னார், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து. என்னோடு அவ்வளவு நேரம் பேசிய ஆள் அந்த வருஷத்தில் வேறு யாருமில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும், “யாரும்மா நீங்க?” என்று கேட்டார். அவள் அலறிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே மருந்தைக் குழாய் வழியாக ஏற்றினார்கள். மறுநாள் டாக்டர், “ஹோஷ் ஆ கயா,” என்றார். தெளிந்துவிட்டார் என்று அம்மா கைகூப்பினாள். நான் சித்தப்பாவின் கட்டிலுக்கு ஓடி, “அப்பா,” என்று கூப்பிட்டேன்.

என்னைப் பார்த்தார். “நீயா தம்பி,” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

குணமானவர் எதற்கு அழுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். மருந்து வேலை செய்யும்போது வயிறு வலிக்கும் என்றாள். நானும் அதை நம்பி, அவர் வயிற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.