ரூம் டோனுக்கு எழுந்து நின்றவர்கள்

ஒலிப்பதிவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டால் எனக்குப் பொறுமை போய்விடும். யாராவது இருமினாலே எரிச்சல் வரும். புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், ஒரு ஞாயிறு பின்னேரம் அந்த எரிச்சலோடுதான் உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கும் பெண்களும் நானுமாக, நேரத்துக்கு வராத காலை பஸ்ஸைக் கேலி செய்து ஒரு பாட்டுக் கட்டியிருந்தோம். பாடிப் பதிவும் செய்தாயிற்று. ரூம் டோன் மட்டும் மிச்சம்.

ரூம் டோன் என்பது, யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் சத்தம். பாட்டை வெட்டி ஒட்டிய இடம் காதில் இடறாமலிருக்க அதை அடியில் ஓடவிடுவோம். இதை விளக்காமல், "எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். பெஞ்சுகள் கிறீச்சிட எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கூட்டங்களில் மௌன அஞ்சலிக்கு நிற்பதுபோல், கைகட்டித் தலைகுனிந்து நின்றார்கள். பெஞ்சுச் சத்தத்தில் அந்த டேக் வீண்.

"யாரு மிஸ் செத்துப் போனது?" என்று மெதுவாகக் கேட்டார் ராசம்மா அக்கா.

"ஐயோ, யாரும் சாகல அக்கா! இந்தக் காம்பரா சத்தம் வேணும், அவ்வளவுதான். இன்னொரு தடவ எடுப்போம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தபடி உட்கார்ந்தார்கள். பாடியவர்களில் ஒருத்தியான செபமாலை மட்டும் உட்காரவில்லை.

"எப்படியும் எடுக்கப் போறீங்க. அத எங்க அக்காவுக்குன்னு எடுங்க மிஸ்" என்றாள். "சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன எடத்துல செத்துட்டா. அங்கயே அடக்கிட்டாங்க. பொணப் பொட்டி ஊருக்கு வரல, அதனால சாவு வீடும் நடக்கல. அவளுக்காக யாரும் ஒண்ணா நிக்கல."

சிரிப்பு நின்றது. ராசம்மா அக்கா முதலில் எழுந்தார், பிறகு மற்றவர்கள். நானும் எழுந்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். வெளியே குழாய் சொட்டியது. பாதியில் செபமாலை விம்மினாள். வேறு நாளென்றால் "கட்! மறுபடி!" என்று கத்தியிருப்பேன். அன்று நிமிஷம் முடியும்வரை பதிவை ஓடவிட்டேன்.

கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டில் எடிட் செய்தபோது மனம் உறுத்தியது. கேலிப் பாட்டுக்கு அடியில் ஒருத்தியின் அழுகையைப் போடலாமா? செபமாலையையே போனில் கேட்டேன்.

"போடுங்க மிஸ். எங்க அக்கா வாயாடி. அந்த பஸ்ஸ அவ ஏசாத ஏச்சா?"

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போய் அவள் காதில் ஹெட்போனை மாட்டினேன். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"அந்த நிமிஷம் எங்க மிஸ் வருது?"

"பாட்டு முழுக்க, அடியில."

"முழுக்கவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான் அக்காவ வீட்டுல இருந்து எடுத்து அடக்கின மாதிரி இருக்கு."

இப்போதெல்லாம் ரூம் டோன் எடுக்கும் முன் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் யாராவது எழுந்து நின்றால், உட்காரச் சொல்லாதீர்கள்.