ஒன்றுமே இல்லாத இடம்

எனக்குக் குரல் நன்றாக வாய்த்தது. சொல்வதற்கு விஷயம்தான் வாய்க்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு வருடம் காப்புறுதிப் பாலிசி விற்றேன். என் பேச்சு நின்றால் போதும் என்றே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பது வயதில் சுற்றுலா வழிகாட்டித் தேர்வு எழுதி, மூன்றாவது முறை தேறினேன். கிடைத்த உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முடிவெட்டும் கடைக்குக்கூடப் போயிருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் எனக்குப் புத்ராஜெயா, அரசாங்க அலுவலகங்களுக்கென்று புதிதாக எழுப்பிய நகரம். வெட்டி உண்டாக்கிய ஏரியில் படகு, இளஞ்சிவப்புப் பள்ளிவாசல், பாலங்கள். படகு ஏரி நடுவே வந்ததும் கைகளை அகல விரித்து, "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் காடு" என்பேன். கூட்டம் வாய் பிளக்கும். நான் காற்றில் கலைந்த முடியைச் சரிசெய்துகொள்வேன், இருக்கிற முடியை.

போன வருடம் கிள்ளானிலிருந்து ஒரு கோயில் மகளிர் குழு வந்தது. வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் கைகளை விரித்தேன். கடைசி வரிசையில் என் வயதுக்காரப் பெண்மணி ஒருவர் வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் கையைத் தூக்கினார்.

"அண்ணே, நாங்க இருந்தோமே."

"எங்கக்கா?"

"இங்கதான். எஸ்டேட்ல. அப்பா ரப்பர் மரம் சீவினாரு. நான் லயத்து வரிசை வீட்டுலதான் பொறந்தேன்."

புத்தியுள்ளவன் மேற்கொண்டு கேட்டிருப்பான். நான் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா, நான் லைசன்ஸ் உள்ள கைடு. பரீட்சையெல்லாம் எழுதியிருக்கேன்."

"பரீட்சையில எங்களப் பத்திக் கேக்கலையா?"

படகே சிரித்தது. தமிழ் தெரியாத மலாய்க்காரப் படகோட்டியும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. மைக்குக்குக் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

"அந்தப் பாலத்துக்கு அங்கிட்டுதான் லயம்னு நினைக்கிறேன். தண்ணி ஏறினப்புறம் எனக்கே சரியாக் காட்டத் தெரியல. ஒரு பந்துத் திடல் இருந்துச்சு, ஒரு மாரியம்மன் கோயில் இருந்துச்சு. எஸ்டேட்ட எடுத்துக்கிட்டு எங்களுக்குக் குடுத்த டெங்கில் ஃப்ளாட்டுக்குப் போற அன்னைக்கு லோரில சாமான் ஏத்தியாச்சு. அம்மா மட்டும் திரும்ப உள்ள போனாங்க. இடிக்கப் போற வீடு. முழுசாக் கூட்டி, வாசல்ல தண்ணி தெளிச்சிட்டுத்தான் வந்து லோரில ஏறினாங்க."

மைக் திரும்ப என் கைக்கு வந்தது. அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் மனைவி பார்த்திருந்தால் மருத்துவரை அழைத்திருப்பாள்.

பயணம் முடிந்து கருத்துப் படிவங்களைப் பார்த்தேன். ஒன்றில், 'கைடு பரவாயில்லை. அமுதவள்ளி அக்கா நன்றாகப் பேசினார்' என்றிருந்தது. நாலு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் அவரோடு வாதம் செய்து எல்லாவற்றிலும் ஜெயித்தேன். ஐந்தாம் நாள் ஜெயிப்பதற்கே வெட்கமாக இருந்தது. குழுத்தலைவியிடம் எண் வாங்கி அழைத்தேன்.

"அக்கா, கைடு கமலநாதன் பேசறேன்."

"எந்தக் கைடு?"

"ஒண்ணுமே இல்லன்னு சொன்ன கைடு."

"ஓ, நீங்களா. சொல்லுங்க."

லயத்தைப் பற்றி முழுசாகக் கேட்க வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிறு டெங்கிலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஃப்ளாட்டில் இருக்கும் அவருடைய தம்பி சபாபதி, பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் லயத்தை வரைந்து, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினார். இரண்டு வீட்டுக்காக அக்காவும் தம்பியும் சண்டை போட்டார்கள். மூன்று மணி நேரம் நான் கேள்வி மட்டும் கேட்டேன்.

இப்போது ஏரி நடுவே அந்த எஸ்டேட்டைத்தான் சொல்கிறேன். ஆனால் என் பழைய வியாதி எங்கே போகும். போன மாதம் கூட்டம் உற்சாகமாக இருந்ததால், லயத்தின் அறுபது குடும்பம் அறுநூறு ஆகிவிட்டது. யாரோ அமுதவள்ளி அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். வாட்ஸாப்பில் குரல் வந்தது.

"அண்ணே, அறுநூறு குடும்பமும் எங்க படுத்துச்சு? சரியாச் சொல்லுங்க லா."

மறுவாரம் அறுபது என்றேன். ஆட்கள் அமைதியாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் கொஞ்சம் குறைவாகப் பட்டது.